பெயரைப் பறிகொடுத்த சீஸ்கள்

இத்தாலியின் ப்ரா நகரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சீஸ் திருவிழா நாக்குக்கு விருந்து. கூடவே, எது அசல், அதன் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற நீண்ட வழக்கின் விசாரணை மன்றமும் அதுதான்.

ப்ரா ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு காட்டும் பக்கம் நடந்தால் போதும். ஈரமான நிலவறை, புளித்த மோர், நனைந்த வைக்கோல், ஆட்டுக் கொட்டில் எல்லாம் கலந்த ஒரு நெடி செப்டம்பர் காற்றில் மிதந்து வருகிறது. ஊருக்குள் நுழையும்போதே கார்களை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அப்பால் தெருவெங்கும் கூடாரங்கள். மேஜைகளில் வண்டிச் சக்கரம் போன்ற சீஸ்கள், உள்ளங்கையில் அடங்கும் சீஸ்கள், சாம்பல் பூசியவை, இலையில் சுற்றியவை, பார்த்தால் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட வைக்கும் பூஞ்சை பூத்தவை. கடைக்காரர் கத்தி முனையில் ஒரு துண்டை நீட்டுகிறார். வாங்கி வாயில் போட்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பீட்மாண்ட் மாநிலத்தில், டூரின் நகருக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது ப்ரா. ஜனத்தொகை 30 ஆயிரத்துக்குள். பக்கத்தில் பரோலோ ஒயினுக்குப் பேர்போன திராட்சைக் குன்றுகள். மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடும் சிற்றூர். ஒற்றைப்படை ஆண்டுகளில், செப்டம்பரின் நான்கு நாட்கள் மட்டும் அதற்குத் தூக்கம் கிடையாது. 1997இல் தொடங்கிய இந்த விழாவுக்கு வைத்திருக்கும் பெயர் வெறுமனே 'சீஸ்'. உலகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து சீஸ் செய்பவர்களும், அதைப் பக்குவமாக முதிர வைப்பவர்களும், வாங்கி விற்பவர்களும், தின்பதற்கென்றே வருபவர்களும் குவிகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நிபுணர்கள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கும் சுவை வகுப்புகளுக்கு மட்டும் முன்கூட்டியே பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு சீஸ் உண்டு. ஐரோப்பிய யூனியனின் பாதுகாப்பு முத்திரை பெற்ற 'ப்ரா'. ஆனால் அது இந்த ஊரில் பிறந்ததல்ல. மலைகளில் மாடு மேய்த்தவர்கள் செய்ததை வாங்கி, தங்கள் நிலவறைகளில் முதிர வைத்து, கடலோர லிகூரியா வரை கொண்டுபோய் விற்றவர்கள் ப்ராவின் வியாபாரிகள். செய்தவன் மலையில் இருந்தான்; பெயர் விற்றவன் ஊருக்குப் போனது. இந்தத் திருவிழாவைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான முன்னுரை வேறு இல்லை.

நத்தையின் ஊர்

விழாவை நகராட்சியோடு சேர்ந்து நடத்துவது 'ஸ்லோ ஃபுட்' என்னும் அமைப்பு. அதன் சின்னம் நத்தை. தலைமையகம் இதே ஊரில், 'படிப்பறிவூட்டப்பட்ட பிச்சையெடுப்பு' என்று பொருள் தரும் விசித்திரமான பெயருள்ள ஒரு தெருவில் இருக்கிறது.

அமைப்பின் கதை 1986இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இத்தாலியில் இரண்டு சம்பவங்கள். மெதனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீட்மாண்ட் ஒயினின் மானமே கப்பலேறியது. ரோம் நகரின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தது. அதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் ப்ராவில் 1949இல் பிறந்த, இடதுசாரிப் பின்னணி கொண்ட பத்திரிகையாளர் கார்லோ பெட்ரினி. 'ஃபாஸ்ட் ஃபுட்'டுக்கு எதிர்ப்பதமாக 'ஸ்லோ ஃபுட்' என்ற பெயர் பிறந்தது. 1989 டிசம்பரில் பாரிஸில் பல நாட்டுப் பிரதிநிதிகள் அதன் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பக்கத்துப் பொல்லென்ஸோவில், முன்னாள் அரச பண்ணை வளாகத்தில், 2004இல் உணவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது.

ருசியாகச் சாப்பிடுவது என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. அதைப் போய் இயக்கம் என்பதா? இந்தக் கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. விழாத் தெருவில் ஒரு மணி நேரம் சுற்றுகிறவருக்கும் அது எழும். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் கிடைக்கும் சீஸைவிட இங்கே எதுவும் விலை அதிகம்தான். ஆனால் இந்தச் சீஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் விலைச் சீட்டை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும்.

மலையிலிருந்து வந்தவை

காஸ்டெல்மான்யோவை எடுத்துக்கொள்ளலாம். ப்ராவுக்கு மேற்கே ஆல்ப்ஸ் மலையின் ஒரு பள்ளத்தாக்கில் செய்வது. 1277ஆம் ஆண்டிலேயே சலுட்சோ பிரபுவுக்குச் செலுத்த வேண்டிய மேய்ச்சல் நிலக் குத்தகை பணமாக அல்ல, இந்தச் சீஸாக நிர்ணயிக்கப்பட்டதற்கு ஆவணம் இருக்கிறது. பாலை உறைய வைத்து, திரண்டதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் மறுபடி உடைத்து, உப்பிட்டு, அச்சில் அழுத்துகிறார்கள். அதனால்தான் வெட்டினால் வழுவழுவென்று வராமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. நாக்கில் வைத்ததும் புளிப்பு, கொஞ்சம் பொறுத்தால் காரம், கடைசியில் காய்ந்த புல்லின் வாசம்.

அல்லது ரொக்கவெரானோ ஊரின் ரோபியோலா. வெள்ளாட்டுப் பாலில் செய்யும் சிறிய வட்டு. சில நாட்களே ஆனதைத் தின்றால் கெட்டித் தயிர் போல இருக்கிறது. சில வாரங்கள் போனால் நடுவில் குழைந்து, ஆட்டின் குணம் அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைக்கக் கொடுத்துவிட்டு, "ஒரே ஆடுதான்" என்பதுபோல் சிரிக்கிறார்கள்.

ஒரு கிலோ சீஸுக்குத் தோராயமாகப் பத்து லிட்டர் பால் வேண்டும். மலையில் பனி உருகியபின் மாடுகளையும் ஆடுகளையும் மேலே ஓட்டிச் சென்று, இலையுதிர்காலத்தில் இறக்கிக் கொண்டுவரும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இந்தப் பருவ மேய்ச்சலை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் கலாசார மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. மரபுப் பட்டியலில் ஏறியது பெருமைதான். மேய்க்கப் போகும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதை அந்தப் பட்டியல் நிறுத்திவிடாது. மின்சாரம் இல்லாத குடிசையில் நூறு நாட்கள், விடியுமுன் பால் கறவை, பகலெல்லாம் அடுப்படி. ஆல்ப்ஸில் மேய்ச்சல் நின்றுபோன சரிவுகளைப் புதர் மூடிக்கொள்கிறது. புல்வெளி போனால் அந்தப் பூக்களும் புற்களும் போகும். அவை போனால் பாலின் மணம் போகும். ப்ராவில் விற்பது கடைசியில் அந்தப் புல்தான்.

காய்ச்சலாமா, கூடாதா?

புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் காரியமாகப் பால் காய்ச்சுகிற ஊரிலிருந்து வருபவருக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. விழாவின் வேதமே 'பாலைக் காய்ச்சாதே' என்பதுதான். 20 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2017 விழாவில், பச்சைப்பாலில் செய்த சீஸுக்கு மட்டுமே இடம் என்று கதவைச் சாத்தினார்கள். பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் நோய்க்கிருமிகள் செத்துவிடும். அவற்றோடு அந்த மாட்டின் மடியிலும் அந்தப் புல்லிலும் அந்தத் தொழுவத்திலும் இருந்து வந்த, சுவை தரும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் செத்துவிடும் என்பது இவர்கள் வாதம்.

செத்ததற்குப் பதில் உயிர் வேண்டுமே? அதற்கு உறை. நம் வீடுகளில் நேற்றைய மோரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம். தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வருகிறோம். அந்த உறைமோரில் அந்தத் தெருவின் ருசி இருக்கிறது. தொழிற்சாலைகள் வாங்குவதோ பாக்கெட்டில் வரும் பொடி உறை. உலகம் முழுவதற்கும் அதைத் தயாரித்துக் கொடுப்பவை ஒருசில பெரிய கம்பெனிகள். எங்கே செய்தாலும் ஒரே ருசி வருவதற்கு அதுவே காரணம். 2019 விழா இதைத்தான் குறிவைத்தது: பாக்கெட் உறை போடாமல் இயற்கையாகச் செய்வது சாத்தியம் என்பதே அந்த ஆண்டின் கோஷம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பச்சைப்பால் சீஸில் லிஸ்டீரியா, ஈ-கோலை போன்ற கிருமிகள் வந்து, ஆட்களைப் படுக்க வைத்ததும் பலி வாங்கியதும் உண்டு. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மென்மையான பச்சைப்பால் சீஸைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குறைந்தது 60 நாட்கள் முதிராத பச்சைப்பால் சீஸை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. நல்ல சீஸ்காரர்கள் இந்த அபாயத்தை மறுப்பதில்லை. பச்சைப்பாலில் வேலை செய்கிறவர் தொழுவத்தையும் கையையும் பாத்திரத்தையும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சுத்தமாக வைத்திருந்தாக வேண்டும். சூடாக்கும் இயந்திரம் வந்து தவறை மறைக்காது என்பதே அவர்கள் பதில்.

பெயர் போன கதை

விழாவில் அவசரமில்லாமல் நிற்க வேண்டிய இரண்டு மேஜைகள் உண்டு. இரண்டிலும் இருப்பவை சொந்தப் பெயரில் விற்க முடியாத சீஸ்கள்.

முதலாவது, லம்பார்டி மாநிலத்து வால்டெல்லினா மலைகளிலிருந்து வருவது. 'பிட்டோ' என்பது அதன் பழைய பெயர். கோடையில் மட்டும், உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில், கூரையில்லாத சிறு கல்குடிசைகளில் செய்வது வழக்கம். மாடு எங்கே மேய்கிறதோ அங்கேயே மேலே துணி விரித்து அடுப்பு மூட்டுவார்கள்; பால் ஆறுமுன் உறை குத்துவார்கள். கொஞ்சம் வெள்ளாட்டுப் பாலும் சேரும். பத்து ஆண்டுகள் முதிர்ந்தும் கெடாமல் நிற்கும் அபூர்வ ரகம். 1996இல் 'பிட்டோ'வுக்கு ஐரோப்பிய முத்திரை கிடைத்தபோது, ஒருசில பள்ளத்தாக்குகளின் பெயர் முழு மாவட்டத்துக்கும் உரியதானது. பின்னர் மாடுகளுக்குத் தீவனம் கொடுக்கலாம், பாக்கெட் உறை போடலாம் என்று விதிகளும் தளர்ந்தன. பழைய பள்ளத்தாக்குகளைச் சேர்ந்த சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. முத்திரையை உதறிவிட்டு வெளியேறினார்கள். ஆண்டுக்கணக்கில் சச்சரவு. முடிவில், தாத்தாக்கள் செய்தபடியே செய்கிறவர்களுக்குத் தாத்தாக்கள் வைத்த பெயர் இல்லாமல் போனது. 2016இல் தங்கள் சீஸுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள்: 'ஸ்டோரிக்கோ ரிபெல்லே'. சரித்திரக் கலகக்காரன் என்று பொருள்.

இரண்டாவது கதை இங்கிலாந்தினுடையது. அந்நாட்டு சீஸ்களில் ராஜா என்று சொல்லப்படும் நீலப்பூஞ்சைச் சீஸ் ஸ்டில்டன். 1989இல் கிளம்பிய உணவு நச்சு பீதிக்குப் பிறகு அதைப் பச்சைப்பாலில் செய்வது நின்றது. 1996இல் பாதுகாப்பு முத்திரை வந்தபோது, சூடாக்கிய பாலில் செய்ததே ஸ்டில்டன் என்று விதி எழுதப்பட்டுவிட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2006இல், நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு பண்ணையில் பழைய முறையில் பச்சைப்பாலில் மறுபடி செய்யத் தொடங்கியபோது சட்டம் குறுக்கே வந்தது. இதை ஸ்டில்டன் என்று விற்கக்கூடாது! ஸ்டில்டன் ஊரின் பண்டைய பெயர் வடிவத்தைத் தேடிப் பிடித்து 'ஸ்டிச்செல்டன்' என்று வைத்தார்கள்.

முத்திரை என்பது போலிகளிடமிருந்து அசலைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. காஸ்டெல்மான்யோ போன்ற எத்தனையோ சீஸ்களை அது காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் எதை அசல் என்று எழுதுவது என்று முடிவுசெய்யும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம். அதிகம் உற்பத்தி செய்பவர்களின் வசதிக்கு விதி வளைந்தால், முத்திரை அசலையே வெளியே தள்ளும் சாவியாகிவிடுகிறது.

இத்தாலியில் பால்பவுடரைக் கரைத்துச் சீஸ் செய்வதை 1974ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சரக்குகளின் தடையற்ற போக்குவரத்துக்கு இது இடைஞ்சல் என்று 2015இல் ஐரோப்பிய கமிஷன் இத்தாலியைக் கேள்வி கேட்டபோது விவசாயிகள் கொந்தளித்தார்கள். பவுடருக்கு ஊர் ஏது? எங்கோ கறந்ததை எங்கோ கரைத்து, பெட்டியில் மட்டும் ஆல்ப்ஸ் மலைப் படத்தை அச்சிட்டுவிடலாமே என்பதுதான் அவர்கள் பயம்.

லேபிளில் இல்லாத கைகள்

விழா மேடைகளில் 'மரபு', 'மண்' என்ற வார்த்தைகள் நிறையக் காதில் விழுகின்றன. அந்த மரபை இன்று யார் தோளில் சுமக்கிறார்கள் என்று அறிய ப்ராவுக்குக் கிழக்கே, போ நதிச் சமவெளிக்குப் போக வேண்டும். இத்தாலியின் மிகப் பிரபலமான இரண்டு சீஸ்கள், பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா பதானோவும் அங்கேதான் தயாராகின்றன. சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு பார்மிஜானோ உருளைக்கு 500 லிட்டருக்கு மேல் பால் தேவை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அந்தப் பாலைக் கறக்கும் வேலைக்கு 1980களிலிருந்தே உள்ளூர் இளைஞர்கள் வருவது குறைந்தது. அந்த இடத்துக்கு வந்தவர்கள் பஞ்சாபிகள். ஜலந்தரிலும் ஹோஷியார்பூரிலும் எருமையோடு வளர்ந்தவர்களுக்கு மாட்டின் பாஷை தெரியும். மொழி புரியாத ஊரில் அதுவே முதல் தகுதியானது.

ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்தின் நொவெல்லாராவில் 2000ஆம் ஆண்டு பெரிய குருத்வாரா எழுந்தது. 2011இல் கிரெமோனா பக்கத்துப் பெஸ்ஸினாவில் இன்னொன்று. பல பண்ணைகளில் பஞ்சாபிகள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் சீஸ் உற்பத்தியே தடுமாறும் என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பார்மிஜானோவின் மேல்தோலில் புள்ளி எழுத்துகளாகப் பொறிக்கப்படும் பெயர் ஊரின் பெயர். கறந்தவன் பெயர் அதில் வராது. ப்ரா ஊரின் சீஸில் மலைக்காரன் பெயர் வராதது போலவே.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தியாவிலிருந்து போகும் சைவ உணவுக்காரர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பாவின் பாரம்பரியச் சீஸ்களில் பெரும்பாலானவற்றில் பாலை உறைய வைப்பது கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் 'ரென்னெட்'. பார்மிஜானோவிலும் அதுதான். சங்கடம் வேண்டாம் என்பவர்கள் போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்ட்ரெலா, ஸ்பெயினின் டோர்ட்டா டெல் கசார் ஆகிய செம்மறிப் பால் சீஸ்களைத் தேடலாம். ஒருவகை முட்செடியின் காய்ந்த பூவை ஊறவைத்து அந்தச் சாற்றால் உறைய வைப்பவை. மேல்பக்கத்தை மூடிபோல் வெட்டி எடுத்து, உள்ளே குழைந்திருப்பதைக் கரண்டியால் அள்ளித் தின்கிறார்கள். லேசான கசப்பு நாக்கில் தங்குகிறது. அசைவர்களுக்குக் கவலை இல்லை. ப்ராவின் கசாப்புக் கடைகளில் கன்றிறைச்சியில் செய்த உள்ளூர் சாஸேஜ் கிடைக்கும். அதை இவர்கள் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள்.

டூரினிலிருந்து ப்ராவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விழா நாட்களில் ஊருக்குள் அறை கிடைப்பது கடினம். டூரினில் தங்கிப் போய்வருவதே உத்தமம். காலை வேளையில் போனால் கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். இளம் சீஸிலிருந்து முதிர்ந்ததற்கும், மென்மையானதிலிருந்து நீலப்பூஞ்சைக்கும் போவதுதான் சுவைக்கும் வரிசை. தலைகீழாகப் போனால் நாக்கு மரத்துவிடும். கெட்டிச் சீஸ் வாங்கினால் காற்றை உறிஞ்சிய உறையில் போட்டுத் தரச் சொல்லலாம். இல்லாவிட்டால் பெட்டியில் உள்ள துணிமணிகள் ப்ராவை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

நம் பக்கம்

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும் இந்தியரின் மனம் சொந்த ஊர்ப் பக்கம் போவது இயல்பு. உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இது. 2023-24இல் 23 கோடி டன்னைத் தாண்டியது. இங்கேயும் கைச் சீஸ்கள் உண்டு. ஜம்மு மலைகளில் குஜ்ஜர்கள் செய்யும் களாரியைத் தோசைக்கல்லில் போட்டால் தன் கொழுப்பிலேயே பொன்னிறமாக முறுகும். வங்காளத்தில் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற, புகையூட்டிய சின்ன வட்டுக்குப் பாண்டெல் சீஸ் என்று பெயர். அதை இப்போது செய்வது பாண்டெலில் அல்ல, தாரகேஸ்வர், விஷ்ணுபூர் பக்கங்களில். அருணாசலப் பிரதேசத்தில் ப்ரோக்பா இடையர்கள் யாக் பாலில் செய்யும் சுர்ப்பிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெயர் கிடைத்துவிட்டது, சந்தோஷம். ஆனால் யாக் மேய்க்க மலையேறும் பிள்ளைகள் அங்கேயும் குறைகிறார்கள். நாளை தேவை பெருகினால் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம், கொஞ்சம் மாட்டுப் பாலும் சேர்க்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அப்போது மேய்ப்பவரின் குரல் அந்த அறையில் கேட்குமா? தாவர எண்ணெயில் செய்த கட்டி, பன்னீர் என்ற பெயரில் நகரத்து ஹோட்டல்களின் மேஜைக்கு வந்துசேர்கிற நாட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல.

திங்கட்கிழமை மாலை ப்ராவில் கூடாரங்களைப் பிரிக்கிறார்கள். விற்காமல் மிஞ்சிய உருளைகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். 'கலகக்காரன்' மேஜையில் கடைசித் துண்டை வெட்டிக் கொடுக்கும்போதும் கடைக்காரர் வாங்கியவரின் முகத்தைப் பார்க்கிறார். பழைய பெயர் சட்டப்படி இவருக்கு இல்லை. ஆனால் வாயில் போட்டவர் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறார். இவருக்கு இப்போதைக்கு அந்த முத்திரை போதும்.